மெக்கன்சியும் தேசப்பனும்

போன மாதம் காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மீஞ்சூர் பக்கம் பாஸ்போர்ட், ஆதார், பான் கார்டு என்று படிவம் நிரப்பித் தருவது என் தொழில். பையன் வெல்டர். துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன், இப்போது துபாய்க்குப் போகப்போகிறான். கையில் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. ஏஜென்ட் எழுதிக் கொடுத்தது. பையன் பெயரை எழுதி, பக்கத்தில் அவன் சாதிப் பட்டத்தை ஒட்டியிருந்தார்.

"அண்ணே, சர்நேம் கட்டத்துல இதத்தான் போடணுமாம். அப்பா பேரப் போட்டா அங்க சிரிப்பாங்களாம்."

அவன் அப்பா பெயர் தேசப்பன். கப்பல் கட்டும் தளத்துக்காகக் கரையை விட்டு இடம் மாறிய குடும்பம். அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தச் சீட்டை வாங்கிக் கிழித்துப் போடத்தான் கை வந்தது. ஆனால் தவறு அந்த ஒரு ஏஜென்ட்டோடு நிற்கவில்லை. படித்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். 'உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருக்கிறது, தமிழனுக்கு மட்டும் இல்லை. வம்சம் தெரியாதவன் மாதிரி ஒற்றை எழுத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம்' என்று. இது முழுக்கப் பொய். இந்தப் பொய்யின் வழியாகத்தான் சாதி பாஸ்போர்ட்டுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது.

வெள்ளைக்காரன் சர்நேமை வைத்தே பார்ப்போம். சென்னையில் பழைய ஆவணங்களைத் தொட்டவர்களுக்கு மெக்கன்சி என்ற பெயர் தெரியும். காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் வடமேற்கில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊர்க்காரர். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். ஊர் ஊராக ஆள் அனுப்பி அவர் திரட்டிய சுவடிகளில் பெரும் பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. கம்பீரமான சர்நேம்தான். அதைப் பிரித்துப் பார்த்தால் என்ன? 'மாக்' என்றால் அவர்கள் கேலிக் மொழியில் மகன். மீதி 'கொயின்னிஹ்' என்ற ஆள் பெயர், அழகன் என்று பொருள். மெக்கன்சி என்றால் 'அழகன் மகன்', அவ்வளவுதான். தேசப்பன் மகன் என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் ஒன்று உண்டு, அது நமக்குத்தான் சாதகம். காலினின் அப்பா பெயர் மர்டாக். நம் வழக்கப்படி அவர் 'ம. காலின்' ஆகியிருப்பார், பெற்றவர் பெயர் கூடவே வந்திருக்கும். அவர்கள் முறையில் பெற்றவர் பெயர் மறைந்துவிட்டது. எந்தக் காலத்திலோ வாழ்ந்த, முகம் தெரியாத ஒரு அழகன் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதியில் அவர்களும் நம்மைப் போலத்தான் தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயரை மாற்றி வந்தவர்கள். மலைப்பகுதிகளில் 17, 18-ஆம் நூற்றாண்டு வரைகூடப் பெயர் நிலையாக நிற்கவில்லை. பிறகு நில ஏடும் திருச்சபைப் பதிவேடும் கேட்டன, ஒரு தலைமுறையின் அப்பா பெயர் அப்படியே உறைந்து போனது.

மெக்கன்சி என்ற உச்சரிப்பே பிற்காலத்தில் வந்தது. பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'யோக்' என்று வாலுள்ள ஓர் எழுத்து இருந்தது. அச்சுக்கூடத்தில் அந்த எழுத்துக்கு அச்சு இல்லை. பார்வைக்கு ஏறக்குறைய அதேபோல் இருந்த இசட் எழுத்தை எடுத்து வைத்தார்கள். 'மக்கெங்யி' என்பது போல ஒலித்த பெயர் நாளடைவில் மெக்கன்சி ஆகிவிட்டது. அச்சுக் கோத்தவர் கைக்கு எட்டிய எழுத்து அது. அதைத்தான் வம்ச கௌரவம் என்கிறோம்.

வம்சமாவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. குலத் தலைவனின் நிலத்தில் குடியிருந்தவர்கள் பாதுகாப்புக்காக அவன் பெயரையே எடுத்துக்கொண்டது அங்கே சாதாரண வழக்கம், ரத்த உறவு தேவைப்படவில்லை. மெக்ரெகர் குலத்துக்கு நடந்தது இன்னும் மோசம். 1603-ல் அந்தப் பெயரைச் சொல்லவே கூடாது என்று அரசு தடை போட்டது. உயிருக்குப் பயந்து அவர்கள் கேம்பல், மரே, கிராண்ட் என்று கிடைத்த பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். இடையில் ஒருமுறை விலகிய தடை மீண்டும் வந்து, முடிவாக நீங்கியது 1774-ல்தான். ஆகவே இன்று கேம்பல் என்று ஒருவரைப் பார்த்தால் அவர் முன்னோர் யார் என்று அந்தப் பெயர் சொல்லாது.

'சரி, ஆளை அடையாளம் காட்டவாவது உதவுமே' என்பார்கள். ஸ்காட்லாந்தில் இன்று முதலிடத்தில் இருக்கும் சர்நேம் ஸ்மித். கொல்லர் என்று பொருள், அதாவது தொழில் பெயர். மெக்கன்சியும் முன்வரிசையில் இருக்கிறது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எங்கும் பரவியிருக்கிறது. 1789-ல் கனடாவின் பெரிய ஆறு ஒன்றின் வழியே ஆர்க்டிக் கடல் வரை போனவர் அலெக்சாண்டர் மெக்கன்சி, அந்த ஆற்றுக்கே அவர் பெயர். அவரும் அதே ஸ்டோர்னோவே ஊர். ஒரே ஊர், ஒரே சர்நேம். ஆளைப் பிரித்துச் சொல்லக் காலின், அலெக்சாண்டர் என்ற சொந்தப் பெயர்தான் வேண்டியிருக்கிறது.

இதில் என் மனதைத் தொட்டது அங்குள்ள மீனவர் கதை. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பக்கி, போர்ட்நாக்கி, ஃபிண்டாக்டி என்று மீன்பிடி ஊர்கள் வரிசையாக உண்டு. பக்கியில் கௌவி, போர்ட்நாக்கியில் மேர், ஃபிண்டாக்டியில் ஃப்ளெட் என்று ஊருக்கு ஒன்றிரண்டு சர்நேம்தான், அதிலேயே கரை முழுக்க ஆட்கள். கூப்பிட்டால் யார் திரும்புவது? அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். 'டீ-நேம்' என்று அதற்குப் பெயர். அது அரசு ஆவணங்களில்கூட ஏறியது. எங்கள் குப்பங்களில் நெட்டை தேசப்பன், ரேடியோ தேசப்பன், விசைப்படகு தேசப்பன் என்று சொல்கிறோமே, அதேதான். கடலுக்குப் போகிறவனுக்கு அலை இரைச்சலில் ஆளைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும். அந்த வேலைக்குச் சர்நேம் அங்கேயும் உதவவில்லை, இங்கேயும் உதவாது.

மற்ற நாடுகள்? ஹாலந்தில் எல்லோரும் குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்ற ஆணை 1811-ல் நெப்போலியன் போட்டது. தாய்லாந்தில் 1913-ல் சட்டம். துருக்கியில் 1934-ல் சட்டம், முஸ்தபா கெமாலுக்கே அட்டாடுர்க் என்ற சர்நேம் அப்போதுதான் கிடைத்தது. ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் இன்றும் அப்பா பெயரோ அம்மா பெயரோ போட்டுக்கொள்கிறார்கள். அவர்களை யாரும் வம்சம் தெரியாதவர்கள் என்று சொல்வதில்லை. தூரத்துக்குப் போவானேன், பழவேற்காட்டைத் தாண்டினால் தெலுங்குக்காரர்கள் வீட்டுப் பெயரை முன்னால் வைக்கிறார்கள்.

தமிழரிடம் பின்பெயர் இருந்ததே இல்லை என்பதும் தவறு. இருந்தது, சாதிப் பட்டமாக இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை விடும்படி தீர்மானம் போட்டது. தலைமை வகித்தவர் சௌந்தரபாண்டியன். ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் பெயரிலிருந்தே ஒரு துண்டை வெட்டிப் போட்டார்கள். இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு பரவலாக அது நடக்கவில்லை. நம் பெயருக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம் நம் தாத்தாக்கள் வேண்டுமென்றே உண்டாக்கியது. அதைக் குறை என்று சொல்லிச் சாதியால் நிரப்புகிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

நடைமுறைத் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க விசாவில் முதற்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் 'எஃப்.என்.யூ', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று அடித்துவிடுகிறார்கள். 2022 நவம்பரில் அமீரகம், விசிட் விசாவில் வருவோர் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் செல்லாது என்றது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாளில் விளக்கம் வந்தது. அப்பா பெயரே போதும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் புகைப்படப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். இரண்டு வரி, வரிக்கு 44 இடம். முதல் வரியில் ஐந்து இடம் ஆவண வகைக்கும் நாட்டுக்கும் போக, மீதி 39 பெயருக்கு. அதை வகுத்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 'முதன்மை அடையாளம்', 'இரண்டாம் அடையாளம்' என்றுதான் பிரிக்கிறது. ஒரே பெயர் உள்ளவருக்கு அது முதன்மை இடத்தில் போய்விடும், மீதி இடங்களில் அம்புமுனைக் குறி விழும். சாதிக்கு அங்கே ஒரு இடமும் ஒதுக்கவில்லை.

எனவே படிவம் நிரப்பப் போகிறவர்கள் இதைக் கேளுங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சர்நேம் கட்டத்தில் எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். கவுண்டரில் ஆளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அந்த எழுத்து வித்தியாசத்துக்காகத்தான்.

அந்தப் பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. 'மெக்கன்சின்னா என்ன அர்த்தம் தெரியுமா தம்பி' என்று மட்டும் கேட்டுப் பதிலையும் சொன்னேன். அவன் அம்மா அந்தத் துண்டுச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். கட்டத்தில் தேசப்பன் என்று தட்டினேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது.