மாடிஃபைடு தாருக்கு உங்க தாரை மாத்திக்கலாமா? கணக்குப் போட்டுப் பாத்துடலாம்

"என்கிட்ட 2021 மாடல் தார் டீசல் இருக்கு, கம்பெனி கண்டிஷன். ஒருத்தர் அதே வருஷ மாடலை ஃபுல்லா மாடிஃபை பண்ணி வெச்சிருக்கார். என் வண்டியைக் குடுத்துட்டு மேல ரெண்டரை லட்சம் குடுத்தா அவர் வண்டியைத் தர்றேங்கிறார். அவர் மாடிஃபிகேஷனுக்கு மட்டும் 5 லட்சம் செலவு பண்ணியிருக்காராம். பாதி விலைக்கு வருதே, எடுக்கலாமா? இல்ல என் வண்டியையே கொஞ்சம் கொஞ்சமா அப்கிரேட் பண்ணலாமா?"

இந்த மாதிரி கேள்வி இப்ப நிறைய வருது. கேக்கறவங்க பெரும்பாலும் 27, 30 வயசு, ஐடி இல்லன்னா பேங்க் வேலை, முதல் கார். அதனால ஒரே இடத்துல விளக்கமா எழுதிடலாம்னு நினைச்சேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: நூத்துல தொண்ணூறு பேருக்கு இந்த எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். சொந்த வண்டியையே, கடன் இல்லாம, வரிசையா அப்கிரேட் பண்ணுங்க. ஏன்னு பாப்போம். அதுக்கு முன்னாடி எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையா வெச்சுடணும்.

எடுக்கலாம்னு சொல்றவங்க சொல்றதுல நியாயம் இருக்கு

மாடிஃபிகேஷன்ல போட்ட காசு திரும்பி வராது. இது உலகம் முழுக்க உண்மை. 5 லட்சம் செலவு பண்ணவருக்கு விக்கும்போது அதுல பாதி கிடைச்சாலே பெரிய விஷயம். அந்த நஷ்டத்தை முதல் ஓனர் ஏத்துக்கிட்டார், நாம பாதி விலைக்கு எடுக்கறோம். லாஜிக் சரிதான். அமெரிக்கா, ஆஸ்திரேலியா யூட்யூப் சேனல்கள்ல "ரெடியா பில்ட் பண்ண வண்டியை வாங்கு"ன்னு சொல்றதும் இதனாலதான்.

ஆனா அந்த ஊர் கணக்கு இங்க அப்படியே பொருந்தாது. மூணு காரணம் இருக்கு: சட்டம், இன்ஷூரன்ஸ், அப்புறம் உங்க சம்பளம்.

முதல்ல அந்த 5 லட்சத்தைப் பிரிச்சுப் பாருங்க

பில் இப்படி இருக்குன்னு வெச்சுக்குவோம். லிஃப்ட் சஸ்பென்ஷன் 1.2 லட்சம். 33 இஞ்ச் டயரும் அலாய் வீலும் 1.3 லட்சம். முன்னாடி பின்னாடி ஸ்டீல் பம்பர், விஞ்ச் சேர்த்து 1.4 லட்சம். ஸ்நார்கெல், லைட், ரூஃப் ரேக் 70,000. இன்ஜின் ரீமேப் 40,000. மொத்தம் 5 லட்சம்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இது என் வண்டியில இல்லன்னா, என் சொந்தக் காசு குடுத்து தனியா போய் வாங்கியிருப்பேனா?" தினமும் ஓஎம்ஆர்-ல ஆபீஸ் போயிட்டு வர்றவருக்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவை வால்பாறையோ கொல்லிமலையோ போறவருக்கு, விஞ்ச் எதுக்கு? ஸ்நார்கெல் எதுக்கு? நீங்க வாங்கவே மாட்டீங்கங்கிற பொருள் பாதி விலைக்குக் கிடைச்சா அது லாபம் இல்ல, முழுச் செலவு.

இன்னொண்ணு. கம்பெனி டயர் 255/65 ஆர்18-ன்னா அதோட உயரம் சுமார் 31 இஞ்ச். அந்த இடத்துல 33 இஞ்ச் போட்டா சக்கரம் ஒரு சுத்துக்கு 6 சதவீதம் அதிக தூரம் ஓடும். ஸ்பீடோமீட்டரைத் திருத்தலைன்னா, மீட்டர்ல 80 காட்டும்போது நிஜ வேகம் 85. ஓடோமீட்டர்லயும் அதே கதைதான். 48,000 கிலோமீட்டர்னு காட்டற வண்டி, முழுக்க அந்த டயர்லயே ஓடியிருந்தா நிஜத்துல 51,000 ஓடியிருக்கும். யாரும் ஏமாத்தலை, ஆனா நீங்க பேரம் பேசற நம்பரே தப்பு.

சட்டம்: தண்டனை புது ஓனருக்குத்தான் வரும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தயாரிப்பாளர் குடுத்த விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிடுச்சு. கலர் மாத்தறது, சிஎன்ஜி கிட் மாதிரி சில மாற்றங்களுக்கு வழி இருக்கு. ஆனா அதுக்கும் ஆர்.சி.-ல பதிவு பண்ணணும். முன்னாடி மாட்டற கிராஷ் கார்டு, புல் பாருக்கு எதிரா நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு.

2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாம வண்டியை மாத்தின ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ரெண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்"ங்கிறதைக் கவனிங்க. ரோட்ல நிறுத்தும்போது ஆர்.சி.-ல யார் பேர் இருக்கோ அவரைத்தான் கேப்பாங்க. "நான் பண்ணலை சார், வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லி ரோட்ல தப்பிக்க முடியாது.

"எத்தனையோ வண்டி ஓடுது, யாரும் பிடிக்கலையே"ம்பீங்க. உண்மைதான். பிரச்சனை செக்போஸ்ட்ல வர்றதை விட, ஆக்சிடென்ட் ஆன அன்னைக்குத்தான் வரும். அதுக்குத்தான் அடுத்த பாயிண்ட்.

இன்ஷூரன்ஸ்: இதுதான் பெரிய ஓட்டை

பாலிசியில காட்டாத மாற்றம் எதுவும் கவர் ஆகாது. ஐ.டி.வி.-ங்கிறது கம்பெனி விலையிலிருந்து தேய்மானம் கழிச்சு வர்ற தொகை. 4 வருஷம் தாண்டி 5 வருஷத்துக்குள்ள இருக்கற வண்டிக்கு தேய்மானம் 50 சதவீதம். இதுல அவர் போட்ட 5 லட்சம் எங்கயும் வராது, ஆக்சஸரீஸை டிக்ளேர் பண்ணி எக்ஸ்ட்ரா பிரீமியம் கட்டியிருந்தா தவிர. வண்டி திருடு போனா உங்களுக்கு வர்றது சாதா தாரோட ஐ.டி.வி. மட்டும்தான். நீங்க குடுத்த ரெண்டரை லட்சம் போனது போனதுதான்.

அதை விட மோசம், சொந்த டேமேஜ் கிளெய்ம். சர்வேயர் வந்து பாக்கறார். லிஃப்ட் இருக்கு, டயர் சைஸ் வேற, ரீமேப் ஆகியிருக்கு, எதுவும் சொல்லலை. கிளெய்மைக் குறைக்கவோ நிராகரிக்கவோ கம்பெனிக்கு நீங்களே காரணம் எடுத்துக் குடுத்த மாதிரி. 11 லட்ச ரூபாய் சொத்தை இந்த ரிஸ்க்ல வெக்கறதுக்கு, அதுக்கு மேல ரெண்டரை லட்சமும் குடுக்கறோம். யோசிச்சுப் பாருங்க.

எக்ஸ்சேஞ்சுங்கிறது ரெண்டு தனித்தனி வியாபாரம்

மாத்திக்கறதுன்னு சொன்னா ஒரே டீல் மாதிரி தோணும். பேப்பர்ல அது ரெண்டு விற்பனை. ரெண்டு செட் ஃபார்ம் 29, ஃபார்ம் 30. லோன் இருந்தா ரெண்டு பக்கமும் பேங்க் என்.ஓ.சி., ஃபார்ம் 35. ரெண்டு ஆர்.சி. மாத்தம், ரெண்டு இன்ஷூரன்ஸ் மாத்தம். இன்ஷூரன்ஸை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதணும்.

இதுல ரெண்டு விஷயத்தை நிறைய பேர் மறந்துடறாங்க.

ஒண்ணு, நோ கிளெய்ம் போனஸ். அது வண்டியோட போகாது, உங்களோடதான் இருக்கும். அதிகபட்சம் 50 சதவீதம் தள்ளுபடி. உங்க கம்பெனிகிட்ட என்.சி.பி. லெட்டர் வாங்கி வெச்சுக்கோங்க, 3 வருஷம் வரைக்கும் பயன்படும்.

ரெண்டு, நீங்க குடுத்த பழைய வண்டி. ஆர்.சி.-ல உங்க பேர் இருக்கற வரைக்கும் சட்டப்படி நீங்கதான் ஓனர். 2018-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.-ல பேர் இருக்கறவர்தான் பொறுப்பு. "அவர் மாத்திக்குவார்"னு நம்பி ஃபார்ம்ல கையெழுத்து போட்டுட்டு வந்துடாதீங்க.

மேல குடுக்கற ரெண்டரை லட்சம் கேஷா வேணும்னு கேட்டா ஒத்துக்காதீங்க. ஒரே பரிவர்த்தனையில 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். பேங்க் ட்ரான்ஸ்ஃபர் மட்டும்தான். இன்கம் டாக்ஸ் பயம் வேண்டாம்: சொந்த உபயோகத்துக்கு வெச்ச கார் மூலதனச் சொத்துக் கணக்குல வராது. லாபத்துக்கு வரியும் இல்ல, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது.

இன்னொரு தந்திரமும் இருக்கு. எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டு விலையும் மறைஞ்சுடும். அதனால அவர்கிட்ட நேரடியா கேளுங்க: "எக்ஸ்சேஞ்ச் இல்லாம கேஷ் டீல்னா உங்க வண்டி எவ்வளவு? என் வண்டியை எவ்வளவுக்கு எடுத்துப்பீங்க?" உங்க வண்டி மார்க்கெட்ல 11 லட்சம் போகும்போது அவர் 10-ன்னு சொன்னா, நீங்க மேல குடுக்கறது ரெண்டரை லட்சம் இல்ல, மூன்றரை லட்சம்.

மூணு வருஷக் கணக்கு

ரெண்டரை லட்சத்துக்கு பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 3 வருஷம். ஈ.எம்.ஐ. சுமார் 8,540. மொத்தமா கட்டறது 3.07 லட்சம். பெரிய டயர், கூடுதல் எடையால மைலேஜ் 13-லிருந்து 11-க்கு இறங்குதுன்னு வெச்சுக்குவோம். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினா 14 லிட்டர் அதிகம். டீசல் லிட்டர் 92 ரூபாய்னு வெச்சா மாசம் 1,290, மூணு வருஷத்துக்கு 46,000. ஆக 3.5 லட்சத்துக்கு மேல. இதுல ஒரு அபராதமோ, ஒரு கிளெய்ம் நிராகரிப்போ சேக்கவே இல்ல.

இப்ப சொந்த வண்டி. 42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, டயர் எப்படியும் மாத்தற நேரம் வந்தாச்சு. சாதா டயருக்கே 50,000 ஆகும்னு வெச்சுக்குவோம். அதே கம்பெனி சைஸ்ல ஆல் டெரைன் டயர் 65,000. கூடுதல் செலவு 15,000 மட்டும். ரிகவரி கயிறு, ஷேக்கிள், ஏர் கம்ப்ரஸர் 15,000. கம்பெனி ஆக்சஸரீஸ் லிஸ்ட்ல இருக்கற லைட், பில்லோட, பாலிசியில காட்டி, 20,000. ஓட்டக் கத்துக்கறதுக்கும் ரெண்டு நல்ல ட்ரிப்புக்கும் 30,000. மொத்தக் கூடுதல் 80,000. ஒரு வருஷத்துல பிரிச்சா மாசம் 6,670. அந்த ஈ.எம்.ஐ.-யை விடக் கம்மி, ஒரே வருஷத்துல முடிஞ்சுடும், வட்டி கிடையாது.

பயிற்சிக்குச் செலவு பண்ணச் சொல்றதைப் பாத்து சிரிக்காதீங்க. நாசிக் மாவட்டம் இகத்புரியில மஹிந்திராவே ஆஃப்ரோடு பயிற்சி அகாடமி நடத்துது. ஸ்டாக் தார் 4x4 எவ்வளவு தூரம் போகும்னு அந்த வண்டியோட ஓனர்களுக்கே தெரியாது. லோ ரேஞ்சைப் போடத் தெரியாதவருக்கு 33 இஞ்ச் டயர் எதுக்கு?

எப்ப எக்ஸ்சேஞ்ச் ஓகே?

கீழ சொல்ற எல்லாத்துக்கும் "ஆமா"ன்னா தாராளமா எடுங்க:

1. கழட்டின கம்பெனி ஸ்பிரிங், வீல், பம்பர் எல்லாம் வண்டியோட குடுக்கறார், ரீமேப்பும் ஒரிஜினலுக்கு மாத்தித் தர்றார்.
2. ஆர்.சி.-ல பதிவு பண்ண வேண்டியது பண்ணியிருக்கு, பாலிசியில ஆக்சஸரீஸ் காட்டியிருக்கு. எம்பரிவாஹன் ஆப்ல லோன், சலான் பாத்தாச்சு.
3. நீங்களா தேடிப் போய் வாங்கியிருக்கக் கூடிய பொருளுக்கு மட்டும், அதுவும் பில் விலையில கால் பங்குதான் குடுக்கறீங்க.
4. வெளி மெக்கானிக் ஒருத்தர் அடியில ஏறிப் பாத்து ஓகே சொல்லிட்டார்.
5. மேல குடுக்கற காசு சேமிப்பிலிருந்து வருது, ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடாம.

ஒண்ணு குறைஞ்சாலும் விட்டுடுங்க. அஞ்சாவது குறைஞ்சா, வண்டி எவ்வளவு நல்லா இருந்தாலும் விட்டுடுங்க.

ஆசைப்படறது தப்பே இல்லீங்க. மாசம் முழுக்க ஸ்க்ரீனைப் பாத்து உழைக்கற ஒருத்தருக்கு மலைப் பாதையில ஓட்டறது ஒரு மூச்சு மாதிரி. நான் சொல்றது ஒண்ணுதான்: அது அடுத்தவர் ரசனைக்குக் கட்டின வண்டியா, உங்க ஈ.எம்.ஐ.-யா இருக்க வேண்டாம். உங்க வண்டி எப்படி வந்துச்சு, எங்க அடிபட்டுச்சு, எப்ப ஆயில் மாத்தினதுன்னு உங்களுக்குத் தெரியும். செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல எந்த விலை குடுத்தாலும் அந்தத் தகவல் கிடைக்காது. அதை ஒரு ஸ்நார்கெலுக்காகக் குடுத்துடாதீங்க.