ஓரத்தை வெட்டாதீர்கள்

சிதம்பரத்தில் நான் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர், தென்னார்க்காட்டின் பாடல் பெற்ற தலங்களைப் பற்றித் தாம் எழுதிய சிறு நூலை என்னிடம் கொடுத்தார். இருபது வருடம் அவர் மேசையிலேயே கிடந்த பிரதி அது. திருவதிகைப் பக்கத்தில் 'கெடிலத்தின் தென்கரையில்' என்று அச்சாகியிருந்தது. 'தென்கரை'யை நீல மையால் அடித்து, மேலே 'வடகரை' என்று எழுதியிருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: பண்ருட்டியிலிருந்து நடந்து போய்ப் பார்த்தேன், பிழை என்னுடையது, அச்சகத்தாருடையது அன்று.

முதுகு பிரிந்திருந்ததால் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். புது காலிகோ அட்டையோடு, மூன்று பக்கமும் வழவழவென்று வெட்டிய விளிம்போடு திரும்பி வந்தது. ஓரக் குறிப்புகளில் பாதி காகிதச் சீவலாகப் போய்விட்டிருந்தது. 'நடந்து போய்ப் பார்' என்பதோடு அந்த வரி நிற்கிறது. வெட்டியவர் தம் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார். வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். அந்த நூலுக்கு இரண்டாம் பதிப்பு வரவேயில்லை. மற்றப் பிரதிகள் எங்கே இருந்தாலும் அவற்றில் திருவதிகை இன்னும் தென்கரையில்தான் இருக்கிறது.

இதே சிதம்பரத்தில் 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். வரும்போது வயது 69. சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டவர், 1907-இலும் 1922-இலும் திருத்தித் திருத்தி மறுபடி பதிப்பித்திருந்தார். சுவடியில் புள்ளி இருக்காது. எகர ஏகாரம் பிரியாது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே கோடு. ஒரு சொல்லை இன்று ஒரு விதமாகப் படித்தவர், பத்து வருடம் கழித்து வேறு ஏடு கிடைத்ததும் வேறு விதமாகப் படிப்பார். அந்தத் திருத்தம் முதலில் ஏறுவது அச்சான தம் பிரதியின் ஓரத்தில்தான். ஐயர் கைப்பட எழுதிய குறிப்புகள் சென்னையில் அவர் பெயரால் 1943-இல் தொடங்கிய நூலகத்தில் இருக்கின்றன. அவருக்குப் பேர் இருந்ததால் அவை பிழைத்தன என்றே நினைக்கிறேன்.

வடலூர் வள்ளலார் செய்ததையும் ஒரு திருத்தமாகவே பார்க்கிறேன். தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்க வேண்டாம், அது ஆரவாரமான பெயராகப் படுகிறது என்று தம் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதினார். 1867-இல் திருவருட்பா அச்சேறியபோது முகப்பில் 'சாமி' இல்லை. சிதம்பரம் இராமலிங்க பிள்ளை என்றே வந்தது. அவர் கையெழுத்துக் கடிதத்தை யாரோ பத்திரப்படுத்தியதால்தான் அந்த மனசு நமக்குத் தெரிகிறது.

பேர் இல்லாத ஆசிரியர்களின் பிரதிகளுக்கு என்ன ஆகிறது? கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் நானே கேட்டிருக்கிறேன்: "கிறுக்கின புஸ்தகம் சார், யாரும் வாங்க மாட்டாங்க, எடைக்குத்தான் போகும்." நூலகத்தில் கழித்துக்கட்டும் பட்டியல் போடும்போதும் கோடு போட்ட பிரதிதான் முதலில் வெளியே போகிறது. ஸ்கேன் செய்கிறவர்களும், ஒரே நூலுக்கு இரண்டு பிரதி இருந்தால், பளிச்சென்று இருப்பதையே எடுக்கிறார்கள். வாசகன் கிறுக்கியதும் ஆசிரியன் திருத்தியதும் ஒன்றல்ல. முன்னுரையில் ஆசிரியரின் கையொப்பம் அச்சாகியிருந்தால், கையெழுத்தை அதோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

நூலகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஆசிரியர் திருத்திய பிரதி கையில் வந்தால் பதிவேட்டில் அதைத் தனியாகக் குறியுங்கள். பைண்டிங்குக்கு அனுப்பும்போது 'விளிம்பு வெட்டக் கூடாது' என்று ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். ஸ்கேனுக்கு அந்தப் பிரதியையே கொடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாத்தாவோ பெரியப்பாவோ எழுதிய புத்தகம் பரணில் பத்துப் பிரதி கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் பத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அவர் மேசையில் இருந்த பிரதி அவற்றில் ஒன்றாக இருக்கும்.