மூளையா, உழைப்பா?

தேர்வு முடிவு வரும் நாட்களில் நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழும். ''அவனுக்கு மூளை இருக்கு, படிக்காமலே மார்க் வாங்கிடுவான்'' என்பது ஒன்று. ''இவளும் விழுந்து விழுந்துதான் படிக்கிறா, மண்டையில ஏற மாட்டேங்குது'' என்பது இன்னொன்று. சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள். கேட்ட பிள்ளை மறக்காது.

படிப்பில் ஜெயிக்க மூளை முக்கியமா, உழைப்பு முக்கியமா? இந்தக் கேள்வியை ஸ்ரீவைகுண்டத்தில் கேட்டால், ஊர்க்காரர்கள் முதலில் குமரகுருபரர் கதையைத்தான் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் பிறந்தவர். ஐந்து வயது வரை பேச்சே வரவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போனார்கள். முருகன் அருளால் பேச்சு வந்து 'கந்தர் கலிவெண்பா' பாடினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு.

அருள் என்று சொல்லி நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அதன்பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். அவருடைய அப்பா சண்முகசிகாமணிக் கவிராயர். பிள்ளை வாய் திறக்காத காலத்திலும் வீட்டில் தமிழ் ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். வளர்ந்தபின் தருமபுரம் ஆதீனத்தில் குருவைத் தேடி அடைந்தார். காசிக்குப் போனார். அங்கே பேச இந்துஸ்தானி வேண்டியிருந்தது; கலைமகளை வேண்டி 'சகலகலாவல்லி மாலை' பாடினார் என்பார்கள். அவர் எழுதிய 'நீதிநெறி விளக்க'த்தில் எடுத்த காரியம் முடியும்வரை பசி, தூக்கம் பார்க்காதவர்களைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. அருள் பெற்றவர் என்று ஊரே கொண்டாடும் மனிதர், உழைப்பையும் பாடி வைத்திருக்கிறார்.

ஐந்து வயதில் பேசாத ஒரு பிள்ளைக்கு இன்று நாம் என்ன பெயர் வைப்போம்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது மறுபக்கம். கணித மேதை ராமானுஜன். மூளைக்கு அவரைவிடப் பெரிய உதாரணம் நம்மிடம் இல்லை. 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடங்களைத் தொடவில்லை, உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. அவ்வளவு பெரிய மூளையும், உழைக்காத பாடத்தில் அவரைக் கரையேற்றவில்லை.

ஆனால், கணக்கில் அவர் போட்ட உழைப்பு சாதாரணமானதா? பள்ளி நாட்களில் 'கார்' என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், பெரும்பாலும் முழு விளக்கம் இல்லாமல். ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதினார். 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்துக்குப் பின்னால் இத்தனை ஆண்டு சிலேட்டு இருந்தது. 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். தாமிரபரணியின் கடைசி அணை அவர்கள் ஊரில்தான். அங்கிருந்து வடகால், தென்கால் என இரண்டு வாய்க்கால் பிரிந்து நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் போகிறது. ஆற்றில் எவ்வளவு வந்தாலும் அணையும் வாய்க்காலும் இல்லையென்றால் நேரே புன்னைக்காயல் கடலுக்குத்தான் போகும். தண்ணீர்தான் மூளை; வாய்க்கால்தான் உழைப்பு. தண்ணீர் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும், அதை மறுக்க முடியாது. ஆனால், வாய்க்கால் வெட்டுவது நம் கையில் இருக்கிறது.

வாய்க்காலில் தூர் சேர்ந்தால்? உழைத்தும் மார்க் வராத பிள்ளைகளின் கதை பெரும்பாலும் அதுதான். ஒரே பாடத்தைப் பத்து முறை வாசிப்பார்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, வாசித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. கூடுதல் நேரம் தேவையில்லை, முறை மாறினால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சிலரிடம் ''நீ புத்திசாலி'' என்றார்கள். சிலரிடம் ''நன்றாக முயன்றாய்'' என்றார்கள். கஷ்டமான புதிர் வந்து தடுமாறிய பிறகு, புத்திசாலி எனப் புகழப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகப் போட்டார்கள். முயற்சிக்குப் பாராட்டு பெற்றவர்கள் முன்னேறினார்கள். 'மக்கு' என்ற பட்டம் மட்டுமல்ல, 'புத்திசாலி' என்ற பட்டமும் பிள்ளையைக் கட்டிப்போடும். தோற்றால் பட்டம் போய்விடுமே என்ற பயம்!

அதே நேரம், 'உழைத்தால் போதும்' என்று சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது. பள்ளி விட்டு வந்ததும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிக்கும், விடுமுறையில் வாழைக்காய்ச் சுமை தூக்கப் போகும் பையனுக்கும் குறைவது உழைப்பல்ல. அவர்களுக்குத் தேவை ஒரு மணி நேர அமைதியும், சந்தேகம் கேட்டால் சலிக்காமல் பதில் சொல்ல ஒரு ஆளும். குமரகுருபரருக்கு வீட்டிலேயே ஒரு கவிராயர் இருந்தார்.

எனவே இன்று ராத்திரி, ''எத்தனை மார்க்?'' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ''இன்னைக்கு எது புரியல? எப்படிப் போட்டுப் பார்த்த?'' என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். பாடம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை; பிள்ளை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அதைவிட நல்ல படிப்பு வேறில்லை.