மருந்து என்கிறோம், அது நஞ்சு

1971 கடைசியில் ஈராக் விவசாயிகளுக்கு விதைத் தானியம் கொடுத்தார்கள். பாதரச நஞ்சு பூசிய விதை. விதைக்கத்தான், தின்ன அல்ல. மூட்டையில் எச்சரிக்கை இருந்தது, ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும்! கூடவே மண்டையோட்டுப் படம். அந்தக் கிராமத்து ஜனங்களுக்கு அது எதையும் சொல்லவில்லை. சிவப்புச் சாயத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் போய்விடும் என்று எண்ணி, ரொட்டி சுட்டுத் தின்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 6,530 பேர். அரசாங்கக் கணக்குப்படியே 459 பேர் மாண்டார்கள்.

ஈராக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். பத்து காஜா வட்டாரத்தில் ரப்பர்க் காலத்திலும் சரி, செம்பனைக் காலத்திலும் சரி, முதுகில் பம்பு சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். மண்டையோடு என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது காளியம்மன் கழுத்து மாலை. மலாய்க்காரர் அதை 'ராச்சுன்' என்கிறார். பெயரிலேயே நஞ்சு இருக்கிறது. நாமோ, "புல்லு மருந்து அடிச்சாச்சா?" என்கிறோம். மருந்தென்றால் உடம்புக்கு நல்லது என்றல்லவா பிள்ளை நினைக்கும்? அந்தப் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில், பழைய சர்பத் போத்தலில் ஊற்றி வைக்கிற வீடுகளும் உண்டு.

பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அதற்குத் தடை. ஆனாலும் ஸ்டோரில் மற்றக் களைக்கொல்லிகள் இருக்கத்தானே செய்கின்றன! படத்தை ஒட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் இருந்துவிடக் கூடாது. காலைப் பெரட்டில் மண்டோர் தமிழில் வாய்விட்டுச் சொல்லட்டும். வீட்டில் நாமும் இன்று முதல் அதை 'விஷம்' என்றே சொல்லுவோம்.