ரெண்டாவது வரியை யாரு படிச்சா?

போன பொங்கல் இதழை வெளியிட வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, இந்த இதழோட தளம் படுத்துடுச்சு. வெள்ளைப் பக்கம், நடுவுல ஆங்கிலத்துல ரெண்டே வரி. ஹாஸ்டல் ரூம்ல ஆறு பேர், மூணு லேப்டாப், ஒரே ஒரு ஹாட்ஸ்பாட். அப்புறம் நடந்ததைத்தான் எழுதப் போறேன். எங்க மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: தளத்தைக் கொன்னது வேர்ட்பிரஸ் இல்லை, ஹோஸ்டிங்காரங்களும் இல்லை. படிக்காம கை வச்ச நாங்கதான்.

முதல்ல ஒருத்தன் கூகுள்ல தேடினான். மேலே வந்த ஏதோ ஒரு பதில்ல "பர்மிஷன் பிரச்சினையா இருக்கும், 777 கொடுங்க"ன்னு இருந்துச்சு. கொடுத்தோம். 777ன்னா அந்த சர்வர்ல இருக்கிற யாரு வேணும்னாலும் நம்ம ஃபைலைப் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்னு அர்த்தம். ஓஎஸ் பேப்பர்ல இதுக்குப் பதில் எழுதி மார்க் வாங்கினவங்கதான் நாங்க எல்லாரும். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும்னும் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை பேசல.

அடுத்து பிளகின் ஃபோல்டரோட பேரை மாத்தினோம். பேரை மாத்தினா வேர்ட்பிரஸுக்கு பிளகின் எதுவும் கண்ணுல படாது, எல்லாம் தானா அணைஞ்சிடும். இது நல்ல வழிதான், ஆனா எங்க கோளாறு பிளகின்ல இல்லை. கேஷை அழிச்சோம். பிரவுசரை மாத்தினோம். ஒருத்தன் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணான், எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. ரெண்டு மணி வாக்குல, "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு புதுசா போட்டுடலாம்டா"ன்னு ஒரு குரல். ஹோஸ்டிங் பேனல்ல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா, ஃபைல்களையும் டேட்டாபேஸையும் சேர்த்து நீக்கணுமான்னு கேட்கும். ரெண்டு கட்டத்துலயும் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். அதையும் யாரும் படிக்கல.

அஞ்சு நிமிஷத்துல தளம் பளிச்சுன்னு வந்துச்சு, "ஹலோ வேர்ல்ட்"ங்கிற ஒரே ஒரு பதிவோட. நாலு பேட்ச் எழுதின கதை, கவிதை, பேட்டி, மெஸ் சாப்பாட்டைப் பத்தின தொடர் எல்லாம் போச்சு. பேக்கப்? அது தனிக் காசு, அந்த வருஷம் யாரும் கட்டலை.

ஒரு வாரம் கழிச்சு, இதழை ஆரம்பிச்சவங்கள்ல ஒரு அக்காகிட்ட பேசினோம். இப்போ வேலையில இருக்காங்க. திட்டுவாங்கன்னு நெனச்சோம், திட்டல. "அன்னைக்கு எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வாட்ஸ்அப் குரூப்ல இருந்துச்சு, அனுப்பினோம். திரும்பி ஒரே கேள்விதான் வந்துச்சு: "ரெண்டாவது வரியை யாரு படிச்சா?"

முதல் வரி, தளத்துல கடுமையான கோளாறு ஏற்பட்டிருக்குன்னு சொல்லுது. ரெண்டாவது வரி, அட்மின் மின்னஞ்சல் பெட்டியைப் பாருங்க, வழிமுறை அங்கே இருக்குன்னு சொல்லுது. 2019ல வந்த 5.2 பதிப்புல இருந்தே வேர்ட்பிரஸ்ல இந்த வசதி இருக்கு. லாகின் பக்கமோ டாஷ்போர்டோ இப்படி விழுந்தா, எந்த தீம், எந்த ஃபைல், எத்தனாவது வரியில கோளாறுன்னு அதுவே எழுதி, உள்ளே நுழைய ஒரு தனி லிங்க்கையும் சேர்த்து மெயில் போடும். லிங்க்குக்கு ஆயுள் ஒரு நாள். எங்களுக்கும் அது மெயில் போட்டிருந்துச்சு. ஆனா போய்ச் சேர்ந்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாஸ் அவுட் ஆன ஒரு அண்ணாவோட ஜிமெயிலுக்கு. "ஏதோ ஸ்பாம்னு நெனச்சு விட்டுட்டேன் தம்பி"ன்னார். அவரைச் சொல்லி என்ன பண்றது? அட்மின் முகவரியை மாத்தாதது நாங்க.

மெயில்ல இருந்த விஷயம் ரொம்பச் சின்னது. ஹோஸ்டிங்ல பிஹெச்பியை 7.4ல இருந்து 8க்கு ஏத்தியிருக்காங்க. எங்க தீம் பழசு. அதுல கிரியேட்_ஃபங்ஷன்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடற வரி ஒண்ணு இருந்துச்சு. அந்த ஃபங்ஷனை 7.2லயே வேண்டாம்னு சொல்லி, 8ல அடியோட எடுத்துட்டாங்க. பேனல்ல பிஹெச்பி பதிப்பைத் தற்காலிகமா 7.4க்கு இறக்கிட்டு, அந்த ஒரு வரியை மாத்தி எழுதியிருந்தா தளம் எழுந்திருக்கும். அரை மணி நேர வேலை.

இது எங்க ஆறு பேரோட குறை மட்டும்னு எனக்குத் தோணல. லேப்ல நாம எப்படி இருக்கோம்னு யோசிச்சுப் பாருங்க. கம்பைல் பண்ணினதும் சிவப்பா நாலு வரி வரும். கண்ணு அதுல நிக்கவே நிக்காது. நேரா பக்கத்து சீட்டுக்குப் போகும், இல்லைன்னா "சார், எர்ரர் வருது"ன்னு கை தூக்குவோம். என்ன எர்ரர்னு அவர் கேட்டா, மறுபடி திரும்பி ஸ்கிரீனைப் பார்ப்போம். ரெக்கார்ட் நோட்டுல அவுட்புட் சரியா இருந்தா போதும், வழியில என்ன உடைஞ்சதுன்னு எழுத அதுல இடமே கிடையாது. உடைஞ்சதை எழுதினா மார்க் குறையும்ங்கிற பயமும் இருக்கு. நாலு வருஷம் இப்படியே பழகிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும் திடீர்னு நிதானமா படிப்போமா?

இத்தனைக்கும் எர்ரர்கள் நம்மகிட்ட நேராத்தான் பேசுது. 134217728 பைட் மெமரி தீர்ந்துடுச்சுன்னு ஒரு வரி வரும். பெரிய எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டாம். 1024ஆல ரெண்டு தடவை வகுத்துப் பாருங்க, 128 வரும். 128 எம்பி வரம்பை ஏதோ ஒண்ணு தாண்டியிருக்கு, அது எந்த ஃபைல்னும் அதே வரியில இருக்கும். டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கலைன்னு வந்தா, டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைல்ல பார்க்க வேண்டியது நாலே விஷயம்: டேட்டாபேஸ் பேர், யூசர் பேர், பாஸ்வேர்ட், ஹோஸ்ட். பெரும்பாலும் யாரோ பேனல்ல பாஸ்வேர்டை மாத்திட்டு இங்கே மாத்தியிருக்க மாட்டாங்க. முகப்பு வருது, உள்ளே எந்தப் பதிவைத் தொட்டாலும் 404ன்னா, பெர்மாலிங்க் செட்டிங்ஸைத் திறந்து எதையும் மாத்தாம ஒரு தடவை சேவ் பண்ணுங்க. முகவரி விதிகள் திரும்ப எழுதப்படும், பல நேரம் அதுவே போதும்.

எர்ரரே காட்டாம நடக்கிற கூத்தும் உண்டு. தமிழ்ல எழுதற நமக்குன்னே ஒண்ணு இருக்கு. பதிவோட தலைப்புல இருந்து வேர்ட்பிரஸ் தானா ஒரு முகவரி செய்யும். அதை வச்சுக்க டேட்டாபேஸ்ல இருக்கிற இடம் 200 எழுத்து. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு? யூனிகோட்ல நம்ம குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல மூணு பைட். முகவரிக்காக மாத்தும்போது பைட்டுக்கு மூணு எழுத்து, ஆக ஒரு குறிக்கு ஒன்பது. 200ஐ 9ஆல வகுத்தா 22. "தமிழ்"ங்கிற சொல்லுக்கே அஞ்சு குறி, ஏன்னா இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. அதனாலதான் நம்ம தலைப்புகள் முகவரியில பாதிச் சொல்லுல வெட்டுப்பட்டு நின்னுச்சு. வாட்ஸ்அப்ல அனுப்பினா சதவீதக் குறியும் எண்ணுமா ஒரு முழம் நீளம். ரெண்டு வருஷம் இதை "ஏதோ பக்"னு சொல்லிட்டு இருந்தோம். பக் இல்லை, வகுத்தல் கணக்கு. இப்போ வெளியிடறதுக்கு முன்னாடியே சின்னதா ஒரு முகவரியை நாங்களே கையால போட்டுடறோம்.

"இப்போதான் ஏஐ இருக்கே, எர்ரரைப் போட்டா பதில் வருது"ன்னு சொல்வீங்க. நானும் போடறேன், தப்பே இல்லை. ஆனா எதைப் போடுவீங்க? "வெள்ளையா வருது"ன்னு போட்டா, அதுவும் பர்மிஷன், பிளகின், கேஷ்னு ஒரு பட்டியல்தான் தரும். அன்னைக்கு ராத்திரி நாங்க செஞ்சதும் அதையேதான், வரிசை கூட மாறல. கான்ஃபிக் ஃபைல்ல டபிள்யூபி_டீபக்கையும் டபிள்யூபி_டீபக்_லாகையும் ட்ரூன்னு மாத்துங்க. டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளேயை ஃபால்ஸ்னு வைங்க, இல்லைன்னா எர்ரர் ஊருக்கே தெரியும். அப்புறம் பக்கத்தை ஒரு தடவை திறந்தா, டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள்ள டீபக் லாக்னு ஒரு ஃபைல் உருவாகும். அதோட கடைசி வரியை எடுத்துட்டு யாருகிட்ட வேணும்னாலும் போங்க, அக்காகிட்டயோ, ஏஐகிட்டயோ. வேலை முடிஞ்சதும் திரும்ப அணைச்சுடுங்க, அந்த லாகை வெளியாள் படிக்கவும் வாய்ப்பு இருக்கு.

இப்போ எங்க குழுவுல ஒரு நீள நோட்டு இருக்கு. எந்தத் தேதி, ஸ்கிரீன்ல என்ன வரி வந்துச்சு (வார்த்தைக்கு வார்த்தை), என்ன தொட்டோம், என்ன ஆச்சு, இவ்வளவுதான். அட்மின் மெயில் இதழுக்குன்னு தனியா திறந்தது. ஆசிரியர் மாறும்போது நோட்டும் பாஸ்வேர்டும் சேர்ந்து கை மாறும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஃபைலும் டேட்டாபேஸும் ஒரு பென்டிரைவுக்கு இறங்கும். முறை வைக்கிறதுல சண்டை வருது, வரட்டும்.

போனதுல பாதிக்குக் கொஞ்சம் கூடவே திரும்பக் கிடைச்சது. இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல சில பக்கங்கள் இருந்துச்சு, சிலதை எழுதினவங்களே பழைய லேப்டாப்ல இருந்து எடுத்துக் கொடுத்தாங்க. மெஸ் தொடர்ல மூணு, ஆறு, ஏழாவது பகுதிகள் இன்னும் கிடைக்கல. லாக்டவுன்ல வீட்டுல இருந்து ஆன்லைன் கிளாஸ் கேட்டதைப் பத்தி ஒரு அக்கா எழுதின கட்டுரையும் கிடைக்கல. அவங்ககிட்டயே பிரதி இல்லையாம். யாராவது பிரிண்ட் எடுத்து வச்சிருந்தா, போன்ல படம் பிடிச்சு அனுப்புங்க. பாமினி ஃபாண்ட்ல அடிச்ச வேர்ட் ஃபைலா இருந்தாலும் சரி, மாத்திக்கறோம்.