வடுவும் வரலாறே

பழங்கண்ணாடிக் கலன்களைச் சேகரிப்போருள் பலர் குறையற்றவற்றையே நாடுகின்றனர். விளிம்பு உடைந்த கிண்ணம் கிடைத்தால், அதனைத் தேய்த்துச் சமப்படுத்திவிடுகின்றனர். அவ்வாறு செய்தல் தகாது. பழங்கலனின் குறையை நீக்கும்போது அதன் வரலாறும் உடன் நீங்கிவிடுகிறது.

குறைகள் இருவகைப்படும். அவற்றுள் முதலாவது, செய்யும்போதே உண்டாவது. வாயால் ஊதிச் செய்த கலனுக்குள் சிறு காற்றுக் குமிழிகள் தென்படும். அதன் அடியில், தாங்கிப் பிடித்த இரும்புக் கோலிலிருந்து உடைத்துப் பிரித்த வடு இருக்கும். அவ்வடுவைக் கண்டே அது கைவினைஞர் ஒருவரின் மூச்சால் உருவானது என அறியலாம்.

இரண்டாவது, காலத்தால் உண்டாவது. மண்ணில் நெடுங்காலம் புதைந்திருந்த உரோமானியக் கண்ணாடியின் மேற்பரப்பை ஈரம் அரித்தது. அங்குத் தோன்றிய மெல்லிய படலங்கள், ஒளி பட்டதும் மயிற்கழுத்தைப்போல் பல வண்ணம் காட்டின. உண்மையில் அது சிதைவே. ஆயினும் அமெரிக்கக் கலைஞர் லூயி கம்ஃபர்ட் டிஃபனி அதன் அழகில் ஈடுபட்டு, 1890களில் தம் புதிய கண்ணாடிகளிலும் அத்தகைய ஒளிர்வை உண்டாக்கினார்.

இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் போர்ட்லாந்து சாடி என்னும் உரோமானியக் கலன் உள்ளது. கருநீலக் கண்ணாடியின்மேல் வெண்கண்ணாடி உருவங்கள் செதுக்கப்பட்டது அது. 1845ஆம் ஆண்டில் ஒருவர் அதனை உடைத்து நொறுக்கினார். ஜான் டபுள்டே என்பவர் அவ்வாண்டே துண்டுகளை ஒட்டினார். எனினும் 37 சில்லுகள் எஞ்சிவிட்டன. 20ஆம் நூற்றாண்டில் அச்சாடி இருமுறை பிரித்து, மீண்டும் ஒட்டப்பட்டது. நொறுங்கிய பின்னரும் அதன் பெருமை குன்றவில்லை.

‘உடைந்த பொருளுக்கு விலை குறைவன்றோ?’ எனச் சிலர் வினவலாம். அஃது உண்மையே. அதனால்தான் பொருள்வளம் குறைந்தோரும் பழங்கலன் ஒன்றைக் கையில் ஏந்திக் கற்க இயலுகிறது. ஆனால், விற்பவர் விரிசலை மறைத்தல் அறமன்று. உடைந்ததை ஒட்டுவது தவறில்லை. ஒட்டியதை மறைப்பதே தவறு.

மூத்தோர் வைத்துச் சென்ற கண்ணாடிக் கலன் ஒன்று வீட்டுப் பரணில் விளிம்பு உடைந்து கிடக்கலாம். அதனை எறியவோ தேய்க்கவோ முற்படுமுன், எவர் வாங்கினார், எவ்வாறு உடைந்தது என வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிதல் நன்று. அந்த விடையும் அக்கலனோடு சேர்த்துப் பாதுகாக்கத்தக்கதே.