லாஜ்பத் நகரில் பிறந்த எட்டாயிரம் பேர்

1969 டிசம்பருக்கும் 1972 நவம்பருக்கும் இடையில் தெற்குத் தில்லியின் லாஜ்பத் நகர் வட்டாரத்தில் 8,181 குழந்தைகள் உயிரோடு பிறந்தன. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், சாந்தி கோஷ், சந்தோஷ் பார்கவா முதலிய சஃப்தர்ஜங் மருத்துவமனைக் குழந்தை மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வு. பன்னிரண்டு சதுர கிலோமீட்டருக்குள் வாழ்ந்த 1,19,799 பேரை வீடு வீடாகக் கணக்கெடுத்து, பிள்ளைபெறும் வயதிலிருந்த மணமான பெண்கள் 20,755 பேரைப் பட்டியலிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை களப்பணியாளர்கள் படியேறிப் போய் மாதவிலக்குத் தேதியைக் கேட்டுக் குறித்தார்கள். கரு தரித்தது தெரிந்தால் அதையும் தொடர்ந்தார்கள். குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் எடையும் நீளமும் பதிவாயின. முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என அந்தப் பதிவு மீசை முளைக்கும் பருவம் வரை நீண்டது.

கணினி அரிதான காலம், எல்லாமே ஏடுகளில்தான். பிரிவினையில் வீடிழந்து பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்தவர்களுக்காக எழுந்த குடியிருப்பு லாஜ்பத் நகர். ஏடுகளில் பெயரேறிய தாய்மார்களில் பலர் சிறுமிகளாக அகதி முகாமைப் பார்த்தவர்களாக இருந்திருக்க வேண்டும். அன்றைய இந்தியச் சராசரியை வைத்துப் பார்த்தால் இவர்கள் நல்ல நிலையில்தான் இருந்தார்கள். பெற்றோரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர்தான். ஆனால் நூற்றுக்கு 43 குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்தன. சமையல், தூக்கம், பிள்ளைப்பேறு, மாமனாரின் இருமல் எல்லாம் அதே நான்கு சுவருக்குள். ஆய்வுக் கட்டுரைகளில் இந்த அறை ஒரு வரியில் வந்துபோகிறது. எடையும் உயரமும் அட்டவணை அட்டவணையாக விரிகின்றன.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த அட்டவணைகள் இல்லாவிட்டால் நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. 1986இல் டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிரிட்டனில் பச்சிளம் குழந்தைகள் அதிகம் இறந்த அதே மாவட்டங்களில்தான் அரை நூற்றாண்டு கழித்து இதயநோய்ச் சாவுகளும் அதிகம் என்று காட்டினார். மாரடைப்பின் வேர் கருவறைவரை போகக்கூடும் என்றார், பலர் நம்பவில்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையில் பட்டினி கிடந்த டச்சுத் தாய்மார்களின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் அவருக்குத் துணை நின்றன. ஆனால் பார்க்கர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் தேடிப்பிடித்த மருத்துவச்சிகளின் பழைய பேரேடுகளில் வளர்ச்சி பற்றி இருந்தவை பிறந்தபோதைய எடையும் ஒரு வயது எடையுமே. இடையில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்பதற்குப் பதிவில்லை. தில்லியிடம் அது இருந்தது.

2004இல் பார்கவா, சக ஆய்வாளர் சச்தேவ் முதலியோர் பார்க்கரையும் சேர்த்துக்கொண்டு வெளியிட்ட கட்டுரையில், அந்தப் பிள்ளைகளில் 1,492 பேர் முப்பதை ஒட்டிய வயதில் மீண்டும் தோன்றுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குமேல் சர்க்கரை நோயாளிகள். இன்னொரு பத்துப் பேர் அதன் வாசலில் நின்றார்கள். இப்படி ஆனவர்களின் பழைய ஏட்டைப் புரட்டினால் ஒரு பொதுப் போக்கு தெரிந்தது. இரண்டு வயதுவரை மெலிந்திருந்தவர்கள், அதன்பின் பன்னிரண்டு வயதுக்குள் வயதொத்த பிள்ளைகளைவிட வேகமாகச் சதை போட்டவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூடக் குண்டுப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூட வாசலில் பார்த்தால், பிள்ளை தேறிவிட்டது என்று யாரும் மகிழ்ந்திருப்பார்கள். வயிற்றிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் உடல் தசையைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் காலம் வறண்டு போனால், பின்னால் ஏறும் எடையில் கொழுப்பே மிகுதி. 2008இல் பிரேசில், குவாத்தமாலா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பதிவுகளோடு தில்லிப் பதிவையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு வயதில் பிள்ளை எவ்வளவு உயரம் என்பதற்கும், பிற்காலத்தில் அது எவ்வளவு படித்தது என்பதற்கும் தொடர்பு இருந்தது.

ஆக, காலம் தவறினால் பின்னால் ஊட்டும் சோறு இழந்ததை ஈடுசெய்யாது. சில வேளை கெடுதலாகவும் முடியும். இது தில்லி உலகுக்குச் சொன்ன செய்தி. அதே தில்லி தன் பிள்ளைகளுக்கு என்ன செய்தது?

லாஜ்பத் நகரில் கணக்கெடுப்பு நடந்த அதே 1969இல், சில கிலோமீட்டர் தள்ளி, ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. மண் சுமந்த பெண்களின் கைக்குழந்தைகள் வெயிலிலும் தூசியிலும் கிடந்தன. அதைப் பார்த்த மீரா மகாதேவன், இந்தியில் நாவல் எழுதியவர், அங்கேயே ஒரு கூடாரம் போட்டுக் குழந்தைகளை உள்ளே எடுத்தார். ‘மொபைல் கிரீச்சஸ்’ அமைப்பு அப்படித்தான் பிறந்தது. வேலைத்தலம் நகர்ந்தால் காப்பகமும் நகரும். பாலூட்ட வேண்டிய நேரத்தில் தாய் எட்டும் தூரத்தில் இருப்பாள். லாஜ்பத் நகர் மருத்துவர்கள் எடை பார்த்தார்கள். மீரா தாயின் நேரத்தைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

சேர்த்துப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளின் வளர்ச்சி பற்றி மத்திய அரசு அமைத்த ஆய்வுக்குழு 1972இல் தன் அறிக்கையைத் தந்தது. தலைவர் மீனா சுவாமிநாதன். ‘வாசவேச்வரம்’ எழுதிய கிருத்திகாவின் மகள், எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி. (தமிழ் இலக்கிய உலகம் தாயையும், பசுமைப் புரட்சி கணவரையும் நினைவில் வைத்திருக்கிறது, இந்தியாவின் அங்கன்வாடிகளுக்கு வித்திட்டவரின் பெயர் பலருக்கும் தெரியாது.) உணவு, உடல்நலம், விளையாட்டுவழிக் கல்வி மூன்றும் பிரியாமல் பிள்ளையிடம் சேர வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் சாரம். 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது.

திட்டத்தில் கர்ப்பிணியும் இருந்தாள், பாலூட்டும் தாயும் இருந்தாள். நடைமுறையில் அங்கன்வாடி என்பது நடந்து வரத் தெரிந்த பிள்ளைக்கான இடமாகிப்போனது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாவுப் பொட்டலம். பொட்டலத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது அரசுக்குச் சுலபம். ஒரு பெண்ணுக்கு ஓய்வு கொடுப்பதைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? தமிழ்நாடு 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குத் தனி உணவு கொடுத்தது. சரியான வயதைத் தொட்ட திட்டம். அங்கும் களையெடுக்கவும் நடவுக்கும் போன தாயின் பகல்பொழுதை யாரும் கேட்கவில்லை.

உணவு மட்டும் போதாது என்பதற்கு ஜமைக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. 1980களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை ஒரு பெண் போனார். ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடினார், பேசினார், எப்படிப் பேசுவது என்று காட்டினார். இரண்டு ஆண்டுகள், அவ்வளவுதான். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம், வருகை கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். அந்த ஒரு மணி நேரம் தாய் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே நம் பழக்கம் வேறு. கருவிலிருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் அபிமன்யு வந்துவிடுவான். வியாச பாரதத்தின் துரோண பருவத்தில் அவன், வியூகத்தை உடைக்கத் தந்தை கற்பித்தார், ஆபத்து வந்தால் வெளியேற என்னால் இயலாது என்று மட்டுமே சொல்கிறான். நம் வாய்மொழிக் கதையில்தான், வியூகம் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த கர்ப்பிணித் தாய் சுபத்திரை பாதியில் தூங்கிப்போகிறாள், அதனால் மகன் சாகிறான். அவள் ஏன் களைத்திருந்தாள் என்று கதை கேட்பதில்லை. இன்று தலைநகரில் கருவுக்கு நற்பண்பு ஊட்டும் வகுப்புகளுக்குக் குறைவில்லை. இன்ன பாட்டுக் கேள், இன்ன நூல் படி, கோபப்படாதே. அறிவியலும் சில வேளை இதே குரலில் பேசிவிடுகிறது. கருவறைச் சூழல் என்று சொன்னதும் பார்வை ஒரு பெண்ணின் வயிற்றோடு நின்றுவிடுகிறது. நவம்பரில் தில்லிப் புகையை மூச்சிழுக்கும் கர்ப்பிணிக்கு எந்த வகுப்பும் வேறு காற்றைத் தராது. அவள் கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்தை மாற்ற வேண்டியவர்கள் கணவனும் மாமியாரும்.

லாஜ்பத் நகரை ஒட்டிய ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில், அரை நூற்றாண்டாகத் தமிழர் குடிசைப்பகுதி ஒன்று இருந்தது. மதராசி கேம்ப் என்பார்கள். பெண்கள் பலர் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டுவேலை செய்தார்கள். காலையில் ஒரு வீடு, பத்து மணிக்கு இன்னொன்று. நடுவில் ஓடிவந்து பிள்ளையைப் பார்த்துப் போக முடிந்தது. பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொண்டாள். 2025 ஜூன் 1 அன்று, நீதிமன்ற ஆணையின்படி, அதை இடித்தார்கள். சுமார் 370 குடிசைகளில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில். கால்வாய் அடைப்பு உண்மையான பிரச்சினைதான். ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த நடைதூரம்தான் அந்தப் பிள்ளைகளின் காப்பகம் என்பது எந்தத் தகுதிப் பட்டியலிலும் ஏறவில்லை.

தாயின் நேரத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டா? பேறுகாலப் பலன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டதிலிருந்து, அமைப்புசார் வேலையிலுள்ள பெண்ணுக்குச் சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால விடுப்பு. மற்றவர்களுக்கு மத்திய அரசின் திட்டம் முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய் தருகிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமே 6,000க்குக் குறையக்கூடாது என்று சொல்லியிருந்தும். தில்லியின் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் 5,000 என்பது ஒரு வாரச் சம்பளம். தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் தரும் 18,000, அதே கணக்கில் ஒரு மாதம். பணம் இல்லை என்ற பதில் முழு உண்மையல்ல. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலவரியாக வசூலாகிறது. அது ஆயிரக்கணக்கான கோடிகளில் செலவாகாமல் கிடந்ததை உச்ச நீதிமன்றம் 2018இல் கண்டித்தது. கட்டடத் தொழிலாளிப் பெண்ணுக்கு அந்த நிதியிலிருந்தே 26 வாரக் கூலியைத் தில்லி அரசு நாளையே தொடங்கலாம். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அப்படி ஒரு நிதிகூடக் கிடையாது. அவளுக்குச் சட்டம் முதலிலிருந்து எழுதப்பட வேண்டும்.